முந்திரிக்கொட்டைக்கு வரி போடும் உரிமை

கேள்வி இது: ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளுக்கு மேற்கத்திய நாடுகளும் உலக வங்கியும் பணம் கொடுக்கும்போது நிபந்தனை போடுகின்றன. பணம் கொடுத்தவர் கணக்குக் கேட்பது நியாயம்தானே? ஊழல் செய்யும் அரசாங்கங்களிடமிருந்து அந்த மக்களைக் காப்பாற்ற வேறு என்ன வழி இருக்கிறது? இதில் பொருளாதார இறையாண்மை எங்கே பறிபோகிறது?

கணக்குக் கேட்பது நியாயம்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்குக் கேட்பது வேறு, கடையை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்வது வேறு. ஒருவர் உங்களுக்குக் கடை வைக்கப் பணம் கொடுக்கிறார், மாதாமாதம் நோட்டைக் காட்டச் சொல்கிறார். சரி, காட்டலாம். கூடவே அரிசியை இன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும், கடைப் பையனை நிறுத்திவிட வேண்டும் என்றும் சொல்கிறார். அவர் பேச்சைக் கேட்டு வியாபாரம் படுத்துவிட்டால் நட்டம் யாருக்கு? கடனும் வட்டியும் உங்கள் தலையில் அப்படியேதான் இருக்கும். அவருக்கு ஒரு பைசா குறையாது. என் பதில் முழுக்க இந்த வித்தியாசத்தைப் பற்றியது. பொதுவாகப் பேசினால் இது பிடிபடாது என்பதால் ஒரே ஒரு நாட்டை, அதிலும் ஒரே ஒரு விளைபொருளை எடுத்துக்கொள்கிறேன். நாடு மொசாம்பிக். பொருள் முந்திரி.

முந்திரியை எடுத்ததற்குச் சொந்தக் காரணமும் உண்டு. நான் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் அதைக் கொல்லாங்கொட்டை என்போம். உடைக்கும் ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். என் சித்தி இருபது வருடத்துக்கு மேல் அங்கே கொட்டை உடைத்தார். வறுத்த கொட்டையைக் கல்லின் மேல் நிறுத்தி, சின்னக் கட்டையால் ஒரு தட்டு, திருப்பி இன்னொரு தட்டு. அவ்வளவுதான், உள்ளே இருக்கும் பருப்பு கீறல் விழாமல் முழுசாக வெளியே வந்துவிடும். தட்டு கொஞ்சம் பலமாகப் போனால் பருப்பு இரண்டாகும், விலை இறங்கிவிடும். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். சாம்பல் பூசினாலும் விரல் நுனிகள் கறுத்துப்போய்த்தான் இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் கையைப் பார்த்தே யார் அண்டி ஆபீஸ் போகிறவர் என்று சொல்லிவிடலாம்.

அந்த ஆலைகளில் உடைத்த கொட்டை முழுவதும் நம் ஊரில் விளைந்ததில்லை. பெரும்பகுதி கப்பலில் வந்தது. கொல்லத்து ஆலைக்காரர்கள் நூறு வருடமாகவே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வாங்கி வருகிறார்கள். தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் பொறுக்கிய கொட்டையை நம் பெண்கள் உடைத்து, பருப்பு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும். முந்திரி நம் ஊருக்கும் சரி, மொசாம்பிக்குக்கும் சரி, பிறந்த மண் இல்லை. போர்ச்சுக்கீசியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து இரண்டு கரைகளுக்கும் கொண்டுவந்த மரம். இலங்கையில் இன்றைக்கும் வழங்கும் கஜு என்ற சொல் அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான்.

இனி மொசாம்பிக். 1970-களின் தொடக்கத்தில் உலகத்திலேயே அதிகம் முந்திரி விளைந்த நாடு அது. ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் விளைந்தது. வெறும் கொட்டையாக மட்டும் விற்கவில்லை, சொந்த ஆலைகளிலேயே பெரும்பகுதியை உடைத்துப் பருப்பாகவும் ஏற்றுமதி செய்தது. 1975-ல் சுதந்திரம் வந்தது. சுதந்திரத்துக்குப் போராடி ஆட்சிக்கு வந்த ஃபிரெலிமோ இயக்கத்தின் அரசாங்கம், ஆலைகளுக்குக் கொட்டை கிடைக்க வேண்டும் என்பதற்காக உடைக்காத கொட்டையின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அப்புறம் உள்நாட்டுப் போர். அண்டை நாட்டு வெள்ளையர் ஆட்சிகள் ஊட்டி வளர்த்த ரெனாமோ என்ற கிளர்ச்சிப் படை ஒரு பக்கம், அரசுப் படை மறுபக்கம். 1992-ல் ரோம் நகரில் சமாதானக் கையெழுத்து ஆவதற்குள் சாலை, பாலம், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் நாசமாகிவிட்டன. மரங்களுக்கு வயதாகிவிட்டது, புதுக்கன்று நட ஆள் இல்லை. ஒரு கட்டத்தில் விளைச்சல் பழைய அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. ஃபிரெலிமோவின் தவறுகளும் இதில் உண்டு. விவசாயிக்குக் கட்டுபடியாகாத கொள்முதல் விலையை வைத்ததும், மக்களை வலுக்கட்டாயமாகக் கூட்டுக் கிராமங்களில் குடியமர்த்தியதும் அவர்கள் செய்தவைதான். எல்லாப் பழியையும் வெளியாள் மேல் போட்டால் அது பொய்யாகிவிடும்.

1984-ல் மொசாம்பிக் உலக வங்கியிலும் சர்வதேச நாணய நிதியத்திலும் சேர்ந்தது. 1987-ல் பொருளாதாரச் சீரமைப்புத் திட்டம் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் கொட்டை ஏற்றுமதித் தடையை நீக்கி, அதற்குப் பதிலாக ஏற்றுமதி வரி போட்டார்கள். 1994, 95-வாக்கில் அரசு ஆலைகள் தனியாருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்களில் பலர் உள்ளூர் முதலாளிகள். கொட்டை ஏற்றுமதிக்கு வரி இருக்கும், நமக்குக் கொட்டை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வாங்கினார்கள். அந்த மை காயும் முன்னே, 1995-ல், உலக வங்கி தன் உதவித் திட்டத்துக்கு முந்திரியைக் கட்டாய நிபந்தனையாக வைத்தது. அந்த வரியைப் படிப்படியாகக் குறைத்து 2000-க்குள் இல்லாமல் ஆக்கிவிட வேண்டும் என்பது நிபந்தனை. வரி 20 சதவீதத்துக்கு வந்தது, பிறகு 14 சதவீதத்துக்கு.

உலக வங்கி சொன்ன காரணத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், அது முட்டாள்தனமான வாதம் இல்லை. ஏற்றுமதி வரி இருந்தால் உள்ளூரில் கொட்டை விலை அமுங்கும். அமுங்கிய விலையால் நட்டப்படுவது மரம் வைத்திருக்கும் ஏழைக் குடும்பங்கள். லாபம் நகரத்து ஆலைக்காரர்களுக்கு. அந்த ஆலைகளின் இயந்திரங்களோ பழசு, முழுப்பருப்பு குறைவாகத்தான் தேறும், உடைசல் அதிகம். உடைக்காமல் அப்படியே இந்தியாவுக்கு விற்றாலே நாட்டுக்கு அதிகப் பணம் வரும். ஏழை விவசாயியின் வயிற்றில் அடித்து ஏன் சில ஆலைகளை வளர்க்க வேண்டும்? இதைப் படிக்கும்போது எனக்கே சரி என்றுதான் தோன்றியது. தாளில் பிழையே இல்லை.

தரையில் நடந்தது வேறு. வரி குறைந்ததும் கப்பல் ஏறும் இடத்தில் கொட்டை விலை ஏறியது உண்மை. ஆனால் நம்புலா மாகாணத்தின் ஒரு கிராமத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் எத்தனை கைகள்! போரில் சிதைந்த சாலை. வண்டி வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். அவர் சொல்வதுதான் விலை. விவசாயி கொட்டையைத் தலையில் சுமந்து பத்து கிலோமீட்டர் நடந்து, துணிக்கும் சோப்புக்கும் மாற்றிக்கொண்டு வந்த காலம் அது. ஏறிய விலையில் பெரும்பங்கு வியாபாரிகளிடமும் ஏற்றுமதியாளர்களிடமும் தங்கிவிட்டது. அடுத்தது, முந்திரி மரம் நட்ட மறுவருடமே காய்ப்பதில்லை, சில வருடம் காத்திருக்க வேண்டும். போனவருடம் ஒரு வரி, இந்த வருடம் இன்னொரு வரி, அடுத்த வருடம் என்னவோ என்றிருக்கும் நாட்டில் எந்த விவசாயி புதுக்கன்று நடுவார்? விளைச்சல் குதிக்கவில்லை. மூன்றாவதாக, உடைக்காத கொட்டையைப் பெருமளவில் வாங்க அன்றைக்கு உலகத்தில் இருந்த வாடிக்கையாளர் இந்தியா ஒன்றுதான். உடைத்த பருப்பை யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம். உடைக்காததை விற்க ஒரே ஒரு வாசல்தான் உண்டு. வாங்குபவர் ஒருவரே என்றால் பேரம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும்.

ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கொட்டை கிடைக்காத ஆலை வேறு என்ன செய்யும்? 1990-களின் இறுதிக்குள் பெரிய ஆலைகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. அந்தத் தொழிலில் இருந்த பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோருக்கு வேலை போனது. பலர் பெண்கள். அங்கோஷே போன்ற கடற்கரைச் சிற்றூர்களில் ஆலையை விட்டால் கூலி வேலை என்று சொல்ல வேறொன்றும் இல்லை. பல வருடம் கழித்து இந்தக் கதையைச் சித்தியிடம் சொன்னேன். உலக வங்கி, வரி விகிதம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அவளுவளுக்குப் பாக்கிச் சம்பளம் கிடைச்சுதா மக்களே?" பலருக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கணக்கைப் பின்னால் உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. மார்கரெட் மெக்மில்லன், டானி ரோட்ரிக், கேரன் வெல்ச் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் வரும் ஓர் எண் எனக்கு மறப்பதே இல்லை. முந்திரி வளர்க்கும் சராசரிக் குடும்பத்துக்கு இந்தச் சீர்திருத்தத்தால் கிடைத்த கூடுதல் வருமானம் ஆண்டுக்கு 5.30 டாலர். மாதத்துக்கு அரை டாலர்கூட இல்லை. நாடு மொத்தத்துக்கும் கிடைத்த ஆதாயம், வேலை இழந்தவர்கள் சும்மா உட்கார்ந்ததால் வந்த இழப்போடு ஏறக்குறைய சமமாகிவிட்டது. இவர்கள் திறந்த வர்த்தகமே கூடாது என்பவர்கள் இல்லை, அதே பாடப்புத்தகப் பொருளாதாரத்தைப் படித்தவர்கள்தான். அதனால் இந்த எண்ணுக்குக் கனம் அதிகம்.

இந்த இடத்தில் கார்லோஸ் கார்டோசோவைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தலைநகர் மாபுட்டோவின் பத்திரிகையாளர். அச்சகத்துக்குச் செலவழிக்கப் பணமில்லாத காலத்தில் ஃபேக்ஸ் மூலம் தினமும் சந்தாதாரர்களுக்குப் போகும் செய்தித்தாளை நடத்தினார். முந்திரி விவகாரத்தை நாள் தவறாமல் எழுதியவர்களில் அவர் முதன்மையானவர். தொழிற்சங்கமும் ஆலை முதலாளிகளும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான போராட்டம் அது. 1997 தொடக்கத்தில் உலக வங்கித் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் மாபுட்டோவுக்கு வந்தபோது இரு தரப்பும் முறையிட்டன. தனியாக ஓர் ஆய்வு நடத்த அவர் ஒப்புக்கொண்டார். அந்த ஆய்வும் விவசாயிக்குப் பெரிதாக எதுவும் போய்ச் சேரவில்லை, ஆலைகளுக்குப் பாதுகாப்பு தேவை என்றே சொன்னது. 2000 நவம்பரில், தனியார்மயமான ஒரு வங்கியில் நடந்த பெரும் மோசடியைத் துருவிக்கொண்டிருந்தபோது, கார்டோசோவை நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள். உள்நாட்டுத் திருடர்களையும் வெளிநாட்டு ஆலோசகர்களையும் ஒரே பேனாவால் கேள்வி கேட்டவர். இந்த இரண்டில் ஒன்றைத்தான் எதிர்க்க முடியும் என்று நினைப்பவர்களுக்கு அவரைத்தான் எப்போதும் சுட்டிக் காட்டுவேன்.

1999-ல் மொசாம்பிக் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. உடைக்காத கொட்டை ஏற்றுமதிக்கு வரி 18-லிருந்து 22 சதவீதத்துக்குள் இருக்கும், உள்ளூர் ஆலைகளுக்குக் கொட்டை வாங்குவதில் முன்னுரிமை உண்டு. வரிப்பணத்தில் ஒரு பங்கு மரங்களுக்கு நோய் மருந்து அடிக்கவும் கன்று வளர்க்கவும் ஒதுக்கப்பட்டது. அதாவது விவசாயியிடம் எடுத்ததில் கொஞ்சம் அவருடைய மரத்துக்கே திரும்பிப் போனது. அதன்பின் நம்புலாவில் சின்னச் சின்ன ஆலைகள் முளைத்தன. பழைய பெரிய இயந்திரங்களை விட்டுவிட்டு, நம் பக்கத்து முறையைப் போலக் கையால் உடைப்பதற்கு மாறினார்கள். முழுப்பருப்பு அதிகம் தேறியது. மறுபடி பல ஆயிரம் பேருக்கு வேலை வந்தது. எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன், பின்னாளில் வியட்நாமின் இயந்திரங்களோடு போட்டி போட முடியாமல் அதிலும் சில மூடின. அதே போட்டியில் கொல்லத்திலும் எங்கள் பக்கத்திலும்கூட எத்தனையோ அண்டி ஆபீஸ்கள் மூடிக் கிடக்கின்றன. ஆனால் 1999-க்குப் பிறகு வந்த தோல்விகள் அவர்களே எடுத்த முடிவின் தோல்விகள். தவறு என்று தெரிந்தால் அவர்களே மாற்றிக்கொள்ளலாம். பொருளாதார இறையாண்மை என்று நான் சொல்வது இதைத்தான், தவறு செய்யவும் அதைத் திருத்தவும் உள்ள உரிமையை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மொசாம்பிக்கில் மூடிய ஆலையின் கொட்டை எங்கே போனது? நம் பக்கம்தான் வந்தது. அங்கோஷேயில் ஒரு பெண்ணுக்குப் போன வேலை, குமரியிலோ கொல்லத்திலோ இன்னொரு பெண்ணுக்கு வந்தது. சித்தியின் கூலியைத் தட்டிப் பறித்தாக வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? இதை யோசித்து ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்த இரண்டு பெண்களில் யாருக்கு வேலை என்பதை மாபுட்டோ நாடாளுமன்றமும் முடிவு செய்யவில்லை, டெல்லியும் முடிவு செய்யவில்லை. வாஷிங்டனில் எழுதிய ஒரு தாள் முடிவு செய்தது. இந்தியா தன் முந்திரித் தொழிலைக் காக்க, வெளிநாட்டுப் பருப்புக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலையை வைத்திருக்கிறது. அதற்காக யாரும் நமக்குக் கடனை நிறுத்தவில்லை. பெரிய நாடு செய்தால் அது தொழில் கொள்கை, மொசாம்பிக் செய்தால் அது சீர்திருத்தத்துக்குத் தடை என்றால், அந்த வித்தியாசம் பொருளாதாரத்தில் இல்லை, பலத்தில் இருக்கிறது.

சர்க்கரையை மட்டும் மொசாம்பிக் விட்டுக்கொடுக்கவில்லை. முந்திரியில் பட்ட சூடு ஆறும் முன்பே, சர்க்கரை இறக்குமதி மீதான கூடுதல் வரியைக் குறைக்கச் சொல்லி நாணய நிதியம் கேட்டது. உலகச் சந்தையில் சர்க்கரை விலை அமுங்கிக் கிடப்பதே ஐரோப்பா தன் விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியத்தால்தான், நாங்கள் ஏன் அந்த விலைக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்று அரசாங்கம் பிடிவாதமாக நின்றது. நிதியம் பின்வாங்கியது. ஷினவானே, மரோமேயு முதலிய ஆலைகள் வெளிமுதலீட்டோடு மீண்டும் ஓடின, கரும்பு வெட்டப் பல ஆயிரம் பேர் போனார்கள். அதே நாடு, ஏறக்குறைய அதே வருடங்கள்.

சரி, நீங்கள் கேட்ட ஊழலுக்கு வருகிறேன். 2013, 14-ல் மொசாம்பிக்கின் மூன்று அரசு நிறுவனங்கள் பெயரில் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. டூனா மீன்பிடிப் படகுக்கும் கடலோரப் பாதுகாப்புக்கும் என்றார்கள். அரசு உத்தரவாதம் கொடுத்தது நாடாளுமன்றத்துக்கே தெரியாது. கொடுத்தவை கிரெடி சுவிஸ் வங்கியும் ரஷ்யாவின் விடிபி வங்கியும். 2016-ல் உண்மை வெளியே வந்ததும் நாணய நிதியமும், பட்ஜெட்டுக்கு நேரடியாக உதவிக்கொண்டிருந்த 14 கொடையாளர்களும் பணத்தை நிறுத்தினார்கள். 2015-ன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 35-க்குள் இருந்த மெட்டிகல் நாணயம் அடுத்த ஆண்டே 70-ஐத் தாண்டிச் சரிந்தது. ரொட்டி விலையும் அரிசி விலையும் ஏறின. கடன் வாங்கியது அந்த மக்களுக்குத் தெரியாது, தண்டனை மட்டும் அவர்களுக்கு. முன்னாள் நிதி அமைச்சர் மானுவல் சாங் 2024-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானது. முன்னாள் அதிபர் கெபுசாவின் மகனுக்கு 2022-ல் மாபுட்டோவில் சிறைத்தண்டனை. கிரெடி சுவிஸின் மூன்று முன்னாள் அதிகாரிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், வங்கி 2021-ல் பெரும் அபராதம் கட்டியது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1995-ல் ஒரு கொட்டைக்கு எத்தனை சதவீதம் வரி என்பதுவரை வெளியிலிருந்து முடிவு செய்தார்கள். 2013-ல், எந்தக் கணக்கைக் கேட்டிருக்க வேண்டுமோ அதைக் கடன் கொடுத்தவர்களே மறைக்கத் துணை போனார்கள். ஊழலைத் தடுக்கும் நிபந்தனைகளுக்கு நான் எதிரி இல்லை. அரசு வாங்கும் ஒவ்வொரு கடனும் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும், ஒப்பந்தங்கள் வெளியிடப்பட வேண்டும், தணிக்கை நடக்க வேண்டும். இப்படிப்பட்ட நிபந்தனை அந்த நாட்டு மக்களின் கையில் ஆயுதத்தைக் கொடுக்கிறது. எந்த ஆலையை மூடலாம், எந்த வரியை எடுக்கலாம் என்ற நிபந்தனை அவர்கள் கையிலிருந்து வாக்குச்சீட்டையே பிடுங்குகிறது. யாருக்கு ஓட்டுப் போட்டாலும் வரி ஒன்றுதான் என்றால் தேர்தல் எதற்கு?

அப்படியென்றால் உதவியே வேண்டாம் என்று உதறிவிடலாமா? முடியாது. 2000-களின் தொடக்கத்தில் மொசாம்பிக் அரசின் செலவில் ஏறக்குறைய பாதி வெளிப்பணம். அந்தப் பணத்தில் பள்ளிகள் கட்டப்பட்டன, தடுப்பூசி போடப்பட்டது. அதை வேண்டாம் என்று சொல்லும் உரிமை வயிறு நிறைந்த எனக்கு இல்லை. ஆனால் பாதிச் சோறு இன்னொருவர் கையில் இருக்கும்வரை, எழுதிய நிபந்தனை ஒன்றும் இல்லாவிட்டாலும் நிலைமை அதேதான். அந்த நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அவர்களுடைய மாத்திரைக்கும் சிகிச்சைக்கும் பெரும்பங்கு பல வருடமாக அமெரிக்கப் பணத்தில்தான் வந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு கையெழுத்தில் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைத்தார். சில வாரங்களில், வீடு வீடாகப் போய் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்த சுகாதாரப் பணியாளர்கள் பலர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அதற்கு முன்னால் மொசாம்பிக் எந்த நிபந்தனையையும் மீறியிருக்கவில்லை.